அக்காவின் ஹார்ட் டிஸ்க்கோடு 11 நாட்கள்

அக்கா அந்த ஹார்ட் டிஸ்க்கை ஒரு கைத்துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு, "நேத்து ராத்திரி பூரா கழட்டிக் கழட்டி மாட்டிப் பார்த்தேன்டா. ஒரு தடவை ஃபோல்டர் எல்லாம் தெரிஞ்சுது. அப்புறம் போயிடுச்சு" என்றாள்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. எப்போதோ ஒரு பிரிண்டரைச் சரிசெய்து கொடுத்ததில் வந்த பெயர். அந்தப் பெயரின் தெம்பில் டிஸ்க்கை வாங்கி, கேபிளைச் செருகி, என் லேப்டாப்பில் மாட்டினேன். மூன்று வாரம் முன்பு கேபிள் காலில் சிக்கி, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் மேசையிலிருந்து விழுந்த கதையை அவள் அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

ஒரு நிமிடம் கழித்துத் திரையில் செய்தி வந்தது: இந்த டிரைவில் கோளாறு இருக்கிறது, சோதித்துச் சரிசெய்யட்டுமா? சரிசெய்யத்தானே உட்கார்ந்திருக்கிறோம் என்று ஆமாம் கொடுத்தேன். இந்தக் கதையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான், முதல் ஐந்து நிமிடத்துக்குள்ளேயே செய்து முடித்துவிட்டேன். கறுப்புத் திரையில் வரிகள் ஓடின. "கெட்டுப்போன கோப்புப் பதிவு நீக்கப்படுகிறது" என்ற பொருளில் ஒரே வரி, எண் மட்டும் மாறி மாறி. பத்துப் பன்னிரண்டு வரி ஓடிய பிறகுதான் "நீக்கப்படுகிறது" என்ற சொல் என் மண்டையில் ஏறியது. கேபிளைப் பிடுங்கினேன்.

அந்தக் கறுப்புத் திரையில் ஓடிய நிரலின் பெயர் செக்டிஸ்க். அது கெட்ட நிரல் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் ஒரு டிஸ்க்கில், மின்சாரம் போய்க் கணக்கு வழக்கு குழம்பியிருந்தால், அதை நேராக்குவது அதன் வேலை. டிஸ்க்கே சாகக் கிடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. படிக்க முடியாத பதிவைப் பார்த்தால் கெட்ட பதிவு என்று முடிவுகட்டி அழித்துவிடும். கணக்குப் புத்தகம் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் அதற்குக் கவலை. புத்தகத்தில் இருந்த உங்கள் வரி போனால் போகட்டும்.

அன்று ராத்திரி டிஸ்க்கைத் தொடாமல் படித்துக்கொண்டே இருந்தேன். படிக்கப் படிக்க வயிறு கலங்கியது.

அந்தச் சின்ன டப்பாவுக்குள் கண்ணாடிபோல் மினுங்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகின்றன, அதாவது நொடிக்கு 90. தட்டின் விளிம்பு மணிக்கு 65 கிலோமீட்டருக்குமேல் ஓடுகிறது. அதன்மேல் படிக்கும் ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. நம் தலைமயிரின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர். இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் ஹெட் தட்டில் மோதும். மோதிய இடம் சிராய்க்கும், ஹெட்டும் கொஞ்சம் நொண்டியாகும். அதற்குப் பிறகும் டிஸ்க் மூன்று வாரம் ஓடியிருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

தட்டின்மேல் உள்ளதை டிஸ்க் செக்டர் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் படிக்கும். படிக்க முடியாத செக்டர் ஒன்று வந்தால் அது சும்மா இருப்பதில்லை. தானே திரும்பத் திரும்ப முயலும், பல நொடிகள் வரை. அது தோற்றால் விண்டோஸ் மறுபடி கேட்கும். இந்தப் பக்கம் ஃபோல்டரைத் திறந்ததும் படங்களின் சிறு உருவத்தைக் காட்ட ஒரு நிரலும், வைரஸ் தேட இன்னொன்றும், தேடல் பட்டியல் போட வேறொன்றும் வரிசையில் வந்து நிற்கும். நாம் "லோட் ஆகுது, இரு" என்று காத்திருக்கும் அந்த நேரமெல்லாம் நொண்டி ஹெட் காயத்தின்மேலேயே தேய்த்துக்கொண்டிருக்கிறது. அந்த டிஸ்க்கில் மிச்சம் இருப்பது இத்தனை படிப்புத்தான் என்று ஒரு கணக்கு இருக்கிறது, எத்தனை என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அக்கா அதில் ஒரு ராத்திரி செலவழித்திருந்தாள். நான் ஐந்து நிமிடத்தில் அதைவிட அதிகம்.

மறுநாள் காலை அவளிடம் கேட்டேன்: "அதுல உனக்கு எது முக்கியம்?"

"எல்லாமே."

"எல்லாமே வராது அக்கா. ஒண்ணே ஒண்ணுதான் வரும்னா எதைச் சொல்வே?"

கல்யாணப் படங்கள், பையன் தவழ்ந்த வீடியோ என்று சொல்வாள் என நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நேர்காணல் ஃபோல்டர்" என்றாள். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுக்காக நான்கு ஆண்டுகள் அலைந்து பதிவுசெய்த 61 குரல் பதிவுகள். பேசியவர்களில் சிலர் இப்போது இல்லை. "போட்டோ எல்லாம் யார்கிட்டயாவது இருக்கும்டா. பாதி உன் போன்லயே இருக்கும். இதை மறுபடி எங்கே போய்க் கேப்பேன்?"

வேறு பிரதி இல்லையா என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் அதைவிட எரிச்சலூட்டும் கேள்வி கிடையாது. பதில் பிறகு தானாகவே வந்தது. அந்த ஹார்ட் டிஸ்க்தான் பேக்கப். பழைய லேப்டாப்பை மாற்றும்போது எல்லாவற்றையும் இதில் போட்டுவிட்டு, "பேக்கப் இருக்கே" என்று பழையதை அழித்துக் கொடுத்திருக்கிறாள். அந்த நிமிடமே அது பேக்கப்பாக இருப்பது நின்றுபோயிற்று. ஆனால் அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் கடைசிவரை "பேக்கப்" என்றே எழுதியிருந்தது.

இனி நானே பார்ப்பதா, ஆய்வகத்துக்கு அனுப்புவதா? நான் காதை வைத்துத்தான் முடிவெடுத்தேன். டக், டக், டக் என்று சீராகத் தட்டும் சத்தம் வந்தாலோ, சுற்றவே சுற்றாமல் முனகினாலோ, கரகரவென்று உரசினாலோ வீட்டில் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. தூசி வடிகட்டிய அறையில் மூடியைத் திறந்து, அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து ஹெட்டை எடுத்துப் பொருத்த வேண்டும். அதற்கான ஆட்கள் இருக்கிறார்கள், தொகையும் அதற்குத் தக்கபடி. அக்காவின் டிஸ்க் ஒழுங்காகச் சுற்றியது, தட்டவில்லை, தன் பெயரையும் அளவையும் சொன்னது. நடுநடுவே மட்டும் மூச்சுவிடத் திணறுவதுபோல் நின்று நின்று ஓடியது. அவளுடைய சம்மதத்தைக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன். தட்டும் சத்தம் கேட்ட நொடியில் நிறுத்திவிடுவது என்று பேச்சு.

இதற்குள் விஷயம் பரவிவிட்டது. பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார் ஒருவர். நல்ல மனதோடு சொன்னதுதான், எப்போதோ யாருக்கோ பழைய டிஸ்க் ஒன்றில் பலித்தும் இருக்கலாம். ஆனால் குளிரிலிருந்து எடுத்ததும் தட்டின்மேல் ஈரம் படியும். சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெட்டுக்கு ஒரு நீர்த்துளி மலை. இன்னொருவர் சர்க்யூட் போர்டை மாற்றிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதன் ஹெட்டுகளுக்கென்றே அளந்தெடுத்த அளவுகள் பெரும்பாலும் அந்தப் போர்டிலுள்ள சிப்பில்தான் இருக்கும். அதை மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றினால் ஆகாது. இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

விண்டோஸை ஓரங்கட்டிவிட்டு, பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டேன், டிஸ்க்கைத் தானாகத் திறந்து இணைத்துக்கொள்ளும் வசதியை நிறுத்திவிட்டு. முதலில் பார்த்தது ஸ்மார்ட் அறிக்கை. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் குறிப்பு அது. நீளமான பட்டியல், ஆனால் இந்த மாதிரி நேரத்தில் மூன்று வரிகள் போதும். 5-ஆம் எண், கெட்டுப்போய் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள். 197-ஆம் எண், படிக்க முடியாமல் தொங்கலில் இருப்பவை. 198, சோதனையில் தேறாதவை என்று கைகழுவப்பட்டவை. அக்காவின் டிஸ்க்கில் 5-க்கு நேரே 8, 197-க்கு நேரே 2,416. தொங்கலில் உள்ளவற்றை டிஸ்க் தானாக மாற்றாது. பெரும்பாலும் அந்த இடத்தில் புதிதாக ஏதாவது எழுதும்போதுதான் முடிவெடுக்கும். முழு ஃபார்மட் அடித்தால் டிஸ்க் "சரியாகிவிட்டது" என்று சிலர் சொல்வதன் ரகசியம் இதுதான். டிஸ்க் தேறியிருக்கலாம், உள்ளே இருந்தது தேறியிருக்காது.

அடுத்து டிடிரெஸ்க்யூ. அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய இலவச நிரல். பார்ப்பதற்குக் கறுப்புத் திரையில் நாலு எண்கள், அவ்வளவுதான். ஆனால் இதை எழுதியவர் சாகக் கிடக்கும் டிஸ்க்குகளோடு நிறைய நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சாதாரணமாக நாம் காப்பி செய்யும்போது ஒரு கோப்பு சிக்கினால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ சிக்கிய இடத்தை விட்டுவிட்டுத் தாண்டிப் போகிறது. சுலபமாக வருவதையெல்லாம் முதலில் அள்ளிக்கொள்கிறது. அப்புறம் திரும்பி வந்து விட்டுப்போன பகுதிகளின் ஓரங்களைச் சீவுகிறது. அதற்கும் பிறகுதான் நடுவில் சுரண்டுகிறது. டிஸ்க் பாதியில் செத்தாலும், அதுவரை கிடைத்தது அதிகபட்சமாக இருக்கும்.

இன்னொன்று, அது எழுதிவைக்கும் மேப்ஃபைல். எந்தப் பகுதி வந்தது, எது வரவில்லை என்ற வரைபடம். கூட்டல் குறி போட்டால் வந்துவிட்டது. கழித்தல் குறி போட்டால் கெட்டது. கேள்விக்குறி போட்டால் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. நிறுத்திவிட்டு மறுநாள் தொடங்கினால் விட்ட இடத்திலிருந்து போகும், ஏற்கெனவே படித்ததை மறுபடி படிக்காது.

டிஸ்க் 1 டிபி, அதில் நிரம்பியிருந்தது ஏறத்தாழ 400 ஜிபி. காலி இடத்தைப் படித்து உயிரை விடுவானேன்? விண்டோஸ் கோப்புகளை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் எந்த இடம் நிரம்பியது, எந்த இடம் காலி என்று ஒரு கணக்கு டிஸ்க்கிலேயே இருக்கிறது. எம்எஃப்டி என்ற அட்டவணையும் இருக்கிறது. கோப்புக்கு ஒரு பதிவு, வழக்கமாக 1,024 பைட், அதில் பெயர், தேதி, அளவு, டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்ற விவரம். முதலில் இவை இரண்டையும் எடுத்தேன். பிறகு நிரம்பிய பகுதிகளை மட்டும் படிக்கும்படி டிடிரெஸ்க்யூவுக்கு எல்லை போட்டுக் கொடுத்தேன், நேர்காணல் ஃபோல்டர் கிடந்த பகுதிகளை வரிசையின் முன்னால் வைத்து. இதில் ஒரு சின்னச் சந்தோஷம்: ஓரிரு வரிக் குறிப்புகளாக அக்கா எழுதிவைத்திருந்த குட்டிக் கோப்புகள் எம்எஃப்டி பதிவுக்குள்ளேயே அடங்கியிருந்தன. அவ்வளவு சிறியவற்றுக்கு என்டிஎஃப்எஸ் தனி இடம் ஒதுக்குவதில்லை. அட்டவணையோடு அவையும் வந்துவிட்டன.

முதல் இரண்டு நாளில் 340 ஜிபி வந்தது. "85 பர்சென்ட்" என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "இன்னைக்கே முடிஞ்சுடுமா?" என்று பதில். மிச்சம் 15-க்குத்தான் ஒன்பது நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் டிஸ்க் அடிக்கடி காணாமல்போனது. யூஎஸ்பி-யிலிருந்து விழும், கழற்றி மாட்டினால் மறுபடி வரும். நாலாம் நாள் விடியற்காலை, பாதித் தூக்கத்தில், மேலம்பு விசையை அழுத்திப் பழைய கட்டளையை எடுத்து, என்டர் விசைமேல் விரலை வைத்தவன் ஒரு நொடி நின்றேன். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு எஸ்டிபி, எஸ்டிசி என்று வரிசையாகப் பெயர் கொடுக்கும். ஒன்று விழுந்து எழுந்தால் பெயர் மாறலாம். எஸ்டிபி என்பது இப்போது அக்காவின் டிஸ்க் இல்லை, இன்னொரு டிரைவ். அழுத்தியிருந்தால் அந்த டிரைவிலிருந்து படித்தவற்றை, அதுவரை சேர்த்துவைத்த அக்கா டிஸ்க்கின் நேர்ப் பிரதியான இமேஜின் ஓட்டைகளில் அடைத்து, வரைபடத்தில் கூட்டல் குறியும் போட்டிருக்கும். எது அசல், எது குப்பை என்று பிறகு யாராலும் பிரித்திருக்க முடியாது. அதற்குப் பின் டிஸ்க்கின் வரிசை எண் சேர்ந்த நீளமான பெயரைத்தான் பயன்படுத்தினேன். தூக்கக் கலக்கத்தில் கம்ப்யூட்டர் பக்கம் போவதையும் நிறுத்தினேன். சரி, குறைத்தேன்.

ஐந்தாம் நாள் வெளி டப்பாவைத் திறந்தேன். வெளி டப்பா மட்டும், உள்ளே இருக்கும் டிஸ்க்கை இல்லை. எதிர்பார்த்ததுபோல் உள்ளே, கம்ப்யூட்டருக்குள் நேராக மாட்டக்கூடிய சாதாரண சாட்டா டிஸ்க் ஒன்றும், அதை யூஎஸ்பி-யாக மாற்றும் சின்னப் போர்டும் இருந்தன. எல்லாருக்கும் இப்படி அமையாது. சில மாடல்களில் யூஎஸ்பி வாய் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் பாஸ்வேர்ட் எதுவும் போடாவிட்டாலும் அந்தச் சின்னப் போர்டு எல்லாவற்றையும் பூட்டித்தான் எழுதும், அதைக் கழற்றிவிட்டால் வருவது வெறும் இரைச்சல். எனக்கு அதிர்ஷ்டம், நேராகப் படித்தது. கம்ப்யூட்டரின் சாட்டா கேபிளில் மாட்டியதும் காணாமல்போவது பெரும்பாலும் நின்றது.

அதற்குப் பிறகு வரைபடத்தைப் படமாகக் காட்டும் நிரல் ஒன்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பது பொழுதுபோக்காகிவிட்டது. பச்சைக் கட்டங்களுக்கு நடுவே சிவப்பும் மஞ்சளும் சிதறிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. கரை வைத்த புடவைபோலச் சீரான இடைவெளியில் பட்டைகள். டிஸ்க் ஒரு ஹெட்டால் கொஞ்சம் எழுதி, அடுத்த ஹெட்டுக்கு மாறி, மறுபடி முதல் ஹெட்டுக்கு வருகிறது. பட்டையாகத் தெரிந்தால் ஒரே ஒரு ஹெட் நோயாளி என்று அர்த்தம். மற்றவை படித்த இடமெல்லாம் பச்சை. விழுந்த அன்று அந்த ஒரு ஹெட்டுக்குத்தான் அடி.

அந்தப் பட்டைகளைப் பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொன்னால் கொஞ்சம் வந்தது. டிஸ்க்கைத் தட்டையாக வைத்து, மேலே சின்ன மின்விசிறியைத் திருப்பிவிட்டால் இன்னும் கொஞ்சம். ராத்திரி முழுதும் ஓய்வு கொடுத்துக் காலையில் தொடங்கினால் முதல் இருபது நிமிடம் நன்றாக வரும். ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, வந்தது. எட்டாம் நாளெல்லாம் மணிக்குச் சில எம்பி. அக்கா போனில் "எவ்ளோ?" என்று மட்டும் கேட்பாள். நான் எண்ணை மட்டும் சொல்வேன்.

பதினோராம் நாள் சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டது. டக். சிறிது இடைவெளி. டக். மின்சாரத்தை நிறுத்திவிட்டேன். எண் 99.96-இல் நின்றது.

0.04 தானே என்று தோன்றும். 400 ஜிபி-யில் அது 160 எம்பி. 4 கேபி துண்டுகளாக எண்ணினால் 40,000-ஐ ஒட்டி வரும். 40,000 ஓட்டைகள் எந்தெந்தக் கோப்பில் விழுந்திருக்கின்றன என்பதுதான் கேள்வி. இமேஜை இன்னொரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் வேலை செய்தேன். வராத இடங்களிலெல்லாம் ஒரு விசித்திரச் சொல்லை நிரப்பும்படி டிடிரெஸ்க்யூவிடம் சொல்லலாம். பிறகு எல்லாக் கோப்புகளிலும் அந்தச் சொல்லைத் தேடினால் ஓட்டை விழுந்தவை வரிசையாக மாட்டிக்கொள்ளும். 300 கோப்புகளுக்குமேல் மாட்டின.

ஓட்டையின் அளவு ஒன்றுதான், விளைவு கோப்புக்குக் கோப்பு வேறு. ஒரு ஜேபெக் படத்தின் நடுவில் 4 கேபி போனால், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சாம்பலாகிவிடும், அல்லது நிறம் மாறிப் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். ஜேபெக்கில் ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் எழுதப்படுகிறது, சங்கிலி அறுந்தால் பின்னால் வருவது திக்குத் தெரியாமல் நிற்கும். அக்கா பையனின் முதல் பிறந்தநாள் படத்தில் நெற்றிவரை இருக்கிறது, கீழே சாம்பல். ஆனால் கேமரா அதே கோப்பின் தலைப்பகுதியில் பதுக்கிவைத்த தபால்தலை அளவுப் பிரதியில் அவன் முழுதாகச் சிரிக்கிறான். வீடியோக்களில் நிலைமை இன்னும் மோசம். எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே என்ற அட்டவணை பல சமயம் வாலில் இருக்கும். ஒரு வீடியோவில் சரியாக அந்த இடத்தில் ஓட்டை. மற்ற 700 எம்பி பத்திரமாக இருந்தும் திறக்க மறுக்கிறது.

நேர்காணல்களைத் திறக்கத்தான் பயந்தேன். அவள் பயன்படுத்திய ரெக்கார்டர் பழையது. எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே பதிவுசெய்யும், நிமிடத்துக்கு 10 எம்பி-க்குமேல். இடத்தை அடைக்கிறது என்று அவளை நானே கிண்டல் செய்திருக்கிறேன். சுருக்காத ஒலியில் 4 கேபி என்பது 23 மில்லிநொடி. ஓட்டை விழுந்த இடத்தில் ஒரு சின்ன "டிக்", அப்புறம் பேச்சு தொடர்கிறது. ஓட்டைகளில் மௌனத்தை நிரப்பியதும் அந்த "டிக்"கும் தேய்ந்துவிட்டது. ஒரு கிழவி "அப்ப எனக்குப் பதினாறு" என்கிறாள். "பதினாறு"க்கு நடுவில் ஏதோ இடறுகிறது, புரிவதில் ஒன்றும் குறையில்லை.

61-இல் 54 ஃபோல்டரில் பெயரோடு இருந்தன. ஏழு இல்லை. முதல் நாள் கறுப்புத் திரையில் நான் ஓடவிட்ட வரிகளில் போனவை அவை. அட்டவணையில் பதிவு அழிந்துவிட்டது, ஆனால் ஒலி டிஸ்க்கில் கிடந்த இடத்திலேயே கிடந்தது. கிறிஸ்டோஃப் கிரனியே எழுதிய ஃபோட்டோரெக் என்ற நிரல் அட்டவணையை நம்பாமல் இமேஜை முதலிலிருந்து முடிவுவரை தடவிப் பார்த்து, கோப்பு தொடங்கும் அடையாளத்தைக் கண்டால் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும். துண்டு துண்டாகச் சிதறிய கோப்பென்றால் தடுமாறும். இவை ரெக்கார்டரிலிருந்து மொத்தமாக ஒரே நாளில் காப்பி செய்தவை, தொடர்ச்சியாக இருந்தன. ஏழும் வந்தன. ஆனால் பெயர் இல்லை, தேதி இல்லை. எஃப் என்ற எழுத்தும், பின்னால் கிடந்த இடத்தைக் குறிக்கும் நீண்ட எண்ணும்தான்.

அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். செக்டிஸ்க் விஷயத்தை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். "ம்" என்றாள், அவ்வளவுதான். முதல் கோப்பில் மூன்று நொடி, யாரோ இருமும் சத்தம். பேச்சே தொடங்கவில்லை, அவள் ஒரு பெயரைச் சொன்னாள், நான் கோப்புக்கு அதை வைத்தேன். இரண்டாவதில் பின்னால் தையல் மிஷின் ஓடியது, அதுவே போதுமாக இருந்தது. இப்படி ஆறு. ஏழாவதில் பாதி தூரம் கேட்டாள். முன்னால் போய், மறுபடி தொடக்கத்துக்கு வந்து கேட்டாள். ஒரு ஆள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். இடையிடையே அவள் குரலே கேள்வி கேட்கிறது.

"நான்தான் கேக்குறேன். யார்னு தெரியலையேடா" என்று ஹெட்போனைக் கழற்றினாள். "ஒரு கேள்விக்குறி போட்டு வை. அப்புறம் பார்க்கலாம்."

"கோப்புப் பேர்ல கேள்விக்குறியை விண்டோஸ் ஏத்துக்காது அக்கா."

"அப்போ 'யாரோ'ன்னு போடு."

போட்டேன்.